செல்லாத நோட்டும் பாதியில் நின்ற பேரேடும்: காரைக்குடிப் பழம்பொருள் கடை ஒன்று

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கத்துப் பழம்பொருள் கடைகளுக்கு நான் பத்தாண்டுகளாகப் போய்வருகிறேன். வீடு கட்டியபோது ஒரு நிலைக்கதவு, பிறகு ஊஞ்சல் சங்கிலி, மகள் திருமணத்துக்கு இரண்டு குத்துவிளக்குகள் என்று அவ்வப்போது வாங்கியதில், எந்தக் கடையில் எது நயமாகக் கிடைக்கும், எந்தக் கடையில் புதுச் சாமானுக்கு மண்ணும் புகையும் ஏற்றிப் பழசாக்குவார்கள் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. இப்போது எழுதுவது அவற்றில் ஒரு கடையைப் பற்றி. பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்தத் தெருவில் வேறு பல கடைகளுக்கும் பொருந்தும் என்பது ஒரு காரணம். கடைப் பெரியவர் நல்ல மனிதர் என்பது இன்னொரு காரணம்.

மரச்சாமானுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் சொல்வேன். பர்மாத் தேக்குத் தூண்கள் பின்கட்டில் படுக்கவைத்திருக்கின்றன. விரல் நகத்தால் கீறிப் பார்க்கவும், அடிப்பக்கத்தைப் புரட்டிக் கறையான் அரித்திருக்கிறதா என்று பார்க்கவும் தடையில்லை. பெட்டகம், கணக்குப்பெட்டி, அஞ்சறைப்பெட்டி, மரவை, மங்குச் சாமான், பனையோலைக் கொட்டான் எல்லாம் வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றைக் கையில் எடுத்தால், "இது வளவுச் சாமான் தம்பி, இது மதுரைப் பட்டறையில போன வருசம் செஞ்சது, ரெண்டுக்கும் வெலையக் குழப்பிக்காதீங்க" என்று பெரியவர் தாமாகவே சொல்லிவிடுவார். வளவு என்றால் செட்டிநாட்டு வீடு. அந்தத் தெருவில் இப்படிச் சொல்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேரம் உண்டு, ஆனால் பாதிக்குப் பாதி குறைகிற பேரம் இல்லை. பில் கேட்டால் தருவார்கள். வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டி லாரி செட்டுக்கு அனுப்பும் வேலையிலும் குறைசொல்ல ஒன்றுமில்லை. நான் வாங்கிய கண்ணாடிக் குடுவை கோயம்புத்தூர் வரை உடையாமல் போய்ச் சேர்ந்தது.

இந்தச் சாமான்கள் எப்படி இங்கே வந்தன என்பது செட்டிநாட்டில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த கதை. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுத்துத் தொழில் செய்யப் போனார்கள். பர்மாவில் நெல் விளையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களின் நிலத்தில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு அவர்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போகவே, அது 1938-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. அந்தக் காசில் இங்கே ஆயிரம் சன்னல் வைத்த வீடுகள் எழும்பின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நிலமும் பணமும் கைவிட்டுப் போக, வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிய முடியாமல் பூட்டிக் கிடந்து, பிறகு தூண் தூணாக இந்தக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. தூணுக்கு இவ்வளவு வரலாறு சொல்லும் நாம், அதே கப்பலில் போன மற்றவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. செட்டிநாட்டுக் கிராமங்களிலிருந்து வட்டிக்கடைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களைவிட அதிகமாக, பால்மரம் என்ற ரப்பர் மரம் வெட்டவும் மூட்டை தூக்கவும் போனவர்கள் உண்டு. என் அப்பத்தாவின் தம்பி இரண்டாவது வகை. அவர் பெட்டகம் எதுவும் அனுப்பவில்லை.

கடையின் மாடியில்தான் காகிதச் சாமான்கள் இருக்கின்றன. மரப்படி ஏறும்போது தலை இடிக்கும். உயரமானவர்கள் குனிந்து போவது நல்லது. அஞ்சலட்டைகள், தீப்பெட்டிப் படங்கள், ரவிவர்மா அச்சுப் படங்கள், திருமண அழைப்பிதழ்கள், பழைய பத்திரங்கள் எல்லாம் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. சன்னலோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நோட்டுகளை விசிறிபோல் பரப்பி, அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் 'சிங்கப்பூர் பழைய நோட்டு, ஒன்று ரூ.200' என்று எழுதியிருந்தார்கள்.

பெரியவரின் மகன் பெட்டியைத் திறந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். பத்து வெள்ளி நோட்டு, அதாவது பத்து மலாயா டாலர். குலை தள்ளிய வாழைமரம், சுற்றிலும் வெப்பநாட்டுச் செடிகொடிகள், கீழே சின்னதாகச் சிவப்புச் சதுரத்தில் ஜப்பானிய முத்திரை. எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எழுத்து வரிசை இருந்தது. வரிசை எண் இல்லை. ஜப்பான் அரசு கேட்டவுடன் பத்து வெள்ளி தருவதாக வாக்களிக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். தாள் மட்டமானது, மடிப்பில் பஞ்சுபோல் பிரிந்திருந்தது. மலாயாத் தமிழர் இதை வாழைமர நோட்டு என்பார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து 1945-இல் ஜப்பான் சரணடையும் வரை மலாயா முழுவதும் இதுதான் பணம். தோட்டத்துக் கூலியும் இதில்தான். எண்கூட இடாமல் அச்சடித்துத் தள்ளியதால் கடைசியில் ஒரு மூட்டை நோட்டுக்கு ஒரு வேளை அரிசி கிடைப்பதே பாடாயிற்று. பிரிட்டிஷார் திரும்பிவந்ததும் இவை செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

விசிறியைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் இருந்த இரண்டு, வெள்ளி நோட்டே அல்ல, ரூபாய் நோட்டு. எழுத்து வரிசை பி-யில் தொடங்கியது. அவை பர்மாவுக்கென்று ஜப்பான் அச்சிட்டவை. இரண்டு நாடு, இரண்டு நாணயம், ஒரே அட்டை. தேக்கில் மதுரையையும் வளவையும் பிரித்துச் சொல்கிற கடை, காகிதத்தில் மலாயாவையும் பர்மாவையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருப்பது முதல் குறை. இதை நாணயம் சேகரிக்கிறவனின் நச்சரிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நாணயம் சேகரிப்பவன் அல்லன்.

என் அப்பத்தாவிடம் இந்த வாழைமர நோட்டு ஒரு கட்டு இருந்தது. அவர் தம்பி 1937-இல் கங்காணி ஒருவர் பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சேர்ந்தார். போர் வந்ததும் கடிதம் நின்றது. போர் முடிந்து கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பின், அதே தோட்டத்தில் இருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஒரு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். வேட்டி இரண்டு, ஒரு சீப்பு, ஒரு துணிப்பையில் நோட்டுக் கட்டு. "சயாமுக்குப் பிடிச்சுட்டுப் போனாங்க, திரும்பலை" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பத்தா அந்தக் கட்டை முந்தானையில் முடிந்துகொண்டு தேவகோட்டைக்கு நடந்துபோய் ஒரு லேவாதேவிக்காரரிடம் நீட்டியிருக்கிறார். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஆத்தா, இது காகிதம்" என்று திருப்பிக் கொடுத்தாராம். பிறகு அது அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் கிடந்தது. என் அப்பாவும் அத்தைமாரும் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடியிருக்கிறார்கள். நான் பார்த்தபோது ஏழோ எட்டோ மிச்சம் இருந்தன.

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், நடந்ததை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். கடை அட்டை சொல்லவில்லை. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல்வழியாகத் தளவாடம் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டருக்கு மலையையும் காட்டையும் வெட்டி ரயில்பாதை போட ஜப்பானிய ராணுவம் முடிவுசெய்தது. 1942-இன் நடுவில் வேலை தொடங்கி 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரு முனைகளும் இணைந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோரை இதில் இறக்கினார்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு இவ்வளவு துல்லியமாக இல்லை: ஏறத்தாழ இரண்டு லட்சம்பேர், இறந்தவர்கள் 90,000 அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்களே எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்.

நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை, சாப்பாடு இலவசம் என்றுதான் முதலில் அழைத்தார்கள். தோட்டங்களில் ரப்பர் வாங்க ஆளில்லாமல் வேலை நின்று, மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த ஜனம் அதை நம்பியது. போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது, லாரியைக் கொண்டுவந்து நிறுத்திப் பிடித்தார்கள்; இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்தி, அப்படியே ஏற்றிக்கொண்டு போன கதையைத் தப்பிவந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு வண்டியில் அடைத்துப் பான் போங் வரை, அங்கிருந்து நடை. போர்க்கைதிகளிடம் சொந்தமாக ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவைக்கும் கட்டுப்பாடு இருந்தது. தமிழர் கூடாரங்களில் இரண்டும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா இறங்கியபோது, மூங்கில் தட்டியில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தவர்கள் கொத்துக்கொத்தாகப் போனார்கள். குழி வெட்டிப் போட்டார்கள்; அதற்கும் ஆளில்லாத இடத்தில் குடிசையோடு கொளுத்தினார்கள், சில இடங்களில் உயிர் முழுதும் பிரியாதவர்களையும் சேர்த்து. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. பெண்களும் குழந்தைகளும் அந்தக் காட்டில் இருந்தார்கள்.

தாய்லாந்தில் அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயர் பொறித்துப் பராமரிக்கிறார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. இறந்த பிள்ளைகளுக்கு அவர்கள் நாடு செய்யும் மரியாதை அது. தமிழர் பெயர் பொறித்த கல் அப்படி ஒன்றுகூட இல்லை. 1944-இல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுத்தூணில் வேறு மொழிகளோடு தமிழிலும் ஒரு கல்வெட்டு இருக்கிறது; கொன்றவர்கள்தான் முதலில் தமிழில் எழுதிவைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் என்ன செய்வதென்று தெரிவதில்லை. மலேசியத் தமிழர்கள் பல ஆண்டுகள் அலைந்து, தமிழக அரசின் நிதியும் சேர, 2023-இல் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் நடுகல் ஒன்றை நாட்டினார்கள். பாதை முடிந்து எண்பது ஆண்டு கழித்து.

அடுத்த பொருளுக்கு வருகிறேன். மாடியின் மூலையில் பேரேடுகள் அடுக்கியிருந்தன. சிவப்புத் துணி அட்டை, தோல் முதுகு, ஒவ்வொன்றும் நாலைந்து கிலோ கனம். ஒன்றைப் பிரித்தேன். பர்மாவில் ஐராவதிக் கழிமுகப் பக்கத்து வட்டிக்கடை ஒன்றின் கணக்கு. பிள்ளையார்சுழி, சிவமயம், தமிழ் எண்களில் தொகை. கடன் வாங்கியவர் பெயர்கள் மவுங், கோ, மா என்று தொடங்குகின்றன. ஏக்கர் எவ்வளவு, நெல் எத்தனை கூடை என்று பத்தி பிரித்திருக்கிறது. எழுதியவர் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருந்தது. அடித்தல் திருத்தல் மருந்துக்கும் இல்லை. விஷு வருஷம் மார்கழி முதல் வாரத்தில் கடைசி வரிகள்: கோயில் மகமை ஒரு தொகை, அதன்கீழ் படகுக் கூலி ஒரு தொகை. அதற்கப்புறம் வெறும் தாள். நூறு பக்கத்துக்கும் மேல் கோடு மட்டும் போட்ட வெறும் தாள்.

விஷு மார்கழி என்றால் 1941 டிசம்பர். அந்த மாதம் 23-ஆம் தேதி ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் குண்டு வீசின. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். வானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு தெருவில் நின்றவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுமாகச் செத்தவர்களில் மிகப்பலர் இந்தியர். அதன்பின் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவைவிட்டுக் கிளம்பினார்கள். காசும் செல்வாக்கும் இருந்தவர்கள் கப்பலிலும் சிலர் விமானத்திலும் வந்தார்கள். மற்றவர்கள் தாமு வழியாக மணிப்பூருக்கும் அரக்கான் மலை வழியாகச் சிட்டகாங்குக்கும் நடந்தார்கள். மணிப்பூர் எல்லையில் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பிரித்திருந்ததும், நல்ல பாதையும் முகாமும் எவருக்குப் போயின என்பதும் அன்றே இந்தியாவில் கண்டனத்துக்கு உள்ளானவை. வழியில் மாண்டவர்களைப் பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பாரும் உண்டு. எங்கள் பக்கத்தில் அதற்குப் பர்மா நடை என்று பெயர். கானாடுகாத்தான், தேவகோட்டை, கண்டனூர் என்று எந்த ஊரிலும் நடந்துவந்தவரின் பேரன் ஒருவராவது இருப்பார். நடக்கமுடியாமல் பாதையோரம் உட்காரவைத்துவிட்டு வந்த தாயைப் பற்றிச் சாகும்வரை பேசாமலிருந்த கிழவர்களை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது.

ஐந்து கிலோ பேரேட்டை ஒருவர் அந்தக் கலவரத்தில் தூக்கிவந்திருக்கிறார். போர் முடிந்தால் கடனை வசூலிக்க இதுதான் சாட்சி என்று முதலாளி சொல்லியிருக்கலாம். அல்லது அங்கே கடையைக் கவனித்த மேலாளுக்கே அதைவிட்டுவர மனமில்லாமல் இருந்திருக்கலாம். எதைக் கீழே வைத்துவிட்டு இதைச் சுமந்தார் என்று நினைத்துக்கொண்டு முன்பக்கம் திருப்பினேன். முதல் நாற்பது தாள்கள் இல்லை. பிளேடால் தைப்பை ஒட்டி ஒழுங்காக அறுத்திருந்தார்கள்.

இதுதான் இந்தக் கடைமீது என் பெரிய குறை. பேரேட்டை முழுதாக வாங்க ஆளில்லாததால், கையெழுத்து அழகாக விழுந்த தாள்களை அறுத்துச் சட்டம் போட்டு ஒன்று அறுநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். சுற்றுலா விடுதிகள் மொத்தமாக வாங்கிக்கொள்கின்றன. சினிமாக் கலை இயக்குநர்களும் வருவார்களாம். அப்படி ஒரு தாளைப் பக்கத்து ஊர் விடுதி ஒன்றின் கழிப்பறை நடையில் நான் பார்த்திருக்கிறேன், தலைகீழாக மாட்டியிருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். திருப்பி மாட்டச் சொன்னேன். அங்கிருந்த பையனுக்கும் எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. தமிழ் எண்ணை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கீழே இறங்கிவந்து பெரியவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நான் வாங்காட்டி இது எடைக்குத்தான் போகும். பாப்பநாட்டுக்காரன் கிலோ கணக்குல அள்ளிக்கிட்டுப் போய்ப் பொட்டலம் மடிப்பான். எங்கிட்ட வந்ததாலதான் நீங்க பாத்தீங்க" என்றார். அதில் உண்மை இருக்கிறது; மறுக்க முடியாது. பேரேடுகள் வீட்டை இடிக்கும்போது குப்பையோடு வெளியே வருவதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் எடைக்குப் போனது யாருடைய குற்றமும் இல்லாமல் போகும்; அறுத்துப் போனது நம் கையால் போகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டு 97,000 நூல்கள் சாம்பலானதைச் சொல்லும்போது இன்றும் நமக்குக் குரல் மாறுகிறது, மாறவும் வேண்டும். அந்தக் குரலோடு இந்தப் பிளேடையும் ஒருமுறை பார்க்கச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை, பெரியவர் வயதுக்கு அது அதிகம்.

பதிலுக்கு நான் சொன்னது ரோஜா முத்தையாவைப் பற்றி. கோட்டையூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒருவர் அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு புத்தகம், இதழ், துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்புதான் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அப்படிப்பட்டவரின் மண்ணில் பேரேட்டை அறுக்கலாமா என்று கேட்டேன். பெரியவருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது. "நம்ம கடைக்கெல்லாம் அவரு வந்ததில்ல, அப்ப நமக்குக் கடையே இல்ல" என்று சிரித்தார். பிறகு கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அறுக்காத பேரேடுகளைத் தனியாக எடுத்துவைக்கிறேன், முழுசாக வாங்குகிற ஆளைக் கூட்டிவாருங்கள், தை வரைக்கும் பார்ப்போம் என்றார். விற்க வந்தவரிடமிருந்து இதைவிடப் பெரிய வாக்கை எதிர்பார்க்க முடியாது என்றே எனக்குப் பட்டது.

பாதியில் நின்ற பேரேட்டை நான் வாங்கிக்கொண்டேன். நாலாயிரத்து ஐநூறு சொன்னார்கள். நாற்பது தாள் இல்லாத புத்தகத்துக்கு அது அநியாயம் என்று வாதாடி மூவாயிரத்தில் முடித்தேன். இந்தப் பேரத்தில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. அது என் குடும்பத்துக் கணக்கல்ல. அந்தப் படகுக்கூலியை வாங்கியவர் எந்த ஊர்க்காரர் என்பதும் அதில் இல்லை. ஆனால் என் அப்பத்தாவின் தம்பியைப் பற்றி எழுதிவைத்த தாள் உலகத்தில் எங்கும் கிடையாது. திதி தெரியாததால் அப்பத்தா பல ஆண்டுகள் அவருக்குப் படைக்கவே இல்லை. படைத்தால் செத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சொல்வார். கடைசியாக ஒரு ஆடி அமாவாசையில், பக்கத்து இலையோடு இன்னொரு இலையையும் விரித்துப் பெயர் சொல்லாமல் பரிமாறினார். அன்று முதல் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்கு ஒரு இலை அதிகம்.

போகவிரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். காலையில் பத்துமணிக்குத் திறக்கிறார்கள். மதியம் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணிநேரம் மூடுவார்கள். பெரியவர் இருக்கும்போது போனால் சாமானின் பூர்வீகம் தெரியும், மகன் மட்டும் இருந்தால் விலை மட்டும் தெரியும். மாடியில் மின்விசிறி இல்லை. சித்திரை, வைகாசியில் காகிதம் பார்க்கப் போவது தண்டனை. வரிசை எண் இல்லாத வாழைமர நோட்டு எங்கும் மலிந்து கிடப்பது. புது அச்சில் போலிகளும் உலவுகின்றன, மொடமொடவென்று இருந்தால் வாங்க வேண்டாம். மரச்சாமானுக்கும் பித்தளைக்கும் இந்தக் கடைக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். காகிதத்துக்கு இரண்டு, அதில் ஒன்று, பெரியவர் கொடுத்த வாக்குக்காக.

கிளம்பும் முன் மகனிடம் ஒரு வெள்ளை அட்டை கேட்டு வாங்கி, பர்மா நோட்டுகளைப் பிரித்து வைக்கச் சொல்லிவிட்டு, மலாயா நோட்டுக்கு நானே எழுதிக்கொடுத்தேன்: 'ஜப்பான் ராணுவம் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த 1942–45 காலத்து நோட்டு. அந்த ஆண்டுகளில் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துச்சென்ற தமிழர்களில் பல்லாயிரம்பேர் திரும்பிவரவில்லை.' அவர் இரண்டுமுறை படித்துவிட்டு, பழைய அட்டையை எடுத்துவிட்டு இதை செலோடேப் போட்டு ஒட்டினார். இரண்டு மாதம் கழித்து ஒரு பூட்டு வாங்கப் போனபோது மாடியில் ஏறிப் பார்த்தேன். அட்டை அப்படியே இருந்தது. அதன்கீழ் விலையை மட்டும் மாற்றியிருந்தார்கள், ஒன்று ரூ.350.